மின்வண்டியும் நம் குடியிருப்பும்

மின்சாரத்தால் ஓடும் வண்டி நம் காலத்துப் புதுமை என்பது பலருடைய எண்ணம். ஹைதராபாதின் சாலைகளில் பச்சை நிற எண் பலகை தாங்கி, ஓசையின்றி நம்மைக் கடந்து செல்லும் ஸ்கூட்டரைக் காணும்போது அவ்வாறு எண்ணத் தோன்றுவது இயல்பே. ஆனால் பெட்ரோல் மோட்டார் நம் நாட்டு வீதிகளில் பழக்கத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மின்வண்டி தமிழகத்தில் ஓடியது. ஆயிரக்கணக்கான மக்களை நாள்தோறும் ஏற்றிச் சென்றது. பின்னர் மறைந்தும் போயிற்று. இவ்வண்டி தோன்றித் தழைத்து, மறைந்து, மீண்டும் தோன்றிய கதையை நோக்கினால் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறோம். வண்டி எந்த இடத்தில் மின்சாரம் பெற்றது, அந்த இடம் யாருடையது, அதனை யார் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொண்டனர் என்பவையே அதன் வாழ்வையும் தாழ்வையும் பெரிதும் வகுத்திருக்கின்றன. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடிகளிலும் வாடகை வீடுகளிலும் குடியிருப்பவர்கள். ஆதலின் இக்கேள்வி நம் வாயிற்படியிலேயே வந்து நிற்கிறது.

கதையைச் சென்னையிலிருந்து தொடங்குவோம். 1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுவே. கல்கத்தாவில் மின்சார டிராம் வந்தது 1902-இல், பம்பாயில் 1907-இல். லண்டன் மாநகரமே அன்று மின்சார டிராம் சேவையைக் கண்டிருக்கவில்லை. வீடுகளுக்கு மின்விளக்கு வருவதற்கு முன்னரே வீதிக்கு மின்வண்டி வந்துவிட்டது என்பது இன்று நினைத்தாலும் வியப்புக்குரியது. துறைமுகத்தையும் நகரின் உட்பகுதிகளையும் இணைத்து, பாரி முனை, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி ரோடு வழியாக இவ்வண்டிகள் சென்றன. 1921-இல் 24 கிலோமீட்டர் நீளப் பாதையில் 97 வண்டிகள் ஓடின.

தொடக்கத்தில் இந்த டிராமுக்கு மின்சாரம் தலைக்கு மேலே செல்லும் கம்பியிலிருந்து வரவில்லை. தண்டவாளத்தை ஒட்டி நிலத்துக்கு அடியில் அமைத்த கால்வாய் போன்ற பள்ளத்தின் வழியே வந்தது. பார்வைக்கு அழகுதான். ஆனால் சென்னையின் ஐப்பசி கார்த்திகை மழையை அதனை அமைத்தவர்கள் அறிந்திருக்கவில்லை போலும். பள்ளத்தில் வெள்ளம் புகுந்து முறை பழுதானபின் மேல்கம்பி முறைக்கு மாறினார்கள். மின்சாரத்தைத் தாழ்ந்த இடத்தில் வைத்தால் மழை தேடி வரும் என்ற இந்தச் சிறு பாடத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஹைதராபாதிலும் அதனைச் சந்திக்கப் போகிறோம்.

கம்பெனி நொடித்தது. 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி சென்னை டிராமின் இறுதி நாளாயிற்று. பேருந்துப் போட்டியும் கடனும் காரணங்கள். வேறொரு காரணமும் உண்டென்பது நம் கருத்து. கம்பியும் தண்டவாளமும் வண்டியும் ஒரே கம்பெனியின் சொத்து. ஊர்மக்கள் பிரயாணச் சீட்டு வாங்கியவர்கள் மட்டுமே. கம்பெனி கைவிட்ட பொருளைத் தாங்கிப் பிடிக்கும் கைகள் தெருவில் இல்லை. அதே ஊரில் 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய மின்சார ரயிலை ரயில்வே தாங்கி நின்றமையால் அது இன்றும் ஓடுகிறது.

இதே காலத்தில் அமெரிக்காவில் தனியார் கார்களின் கதை வேறு வகையாக நடந்தது. 1900-ஆம் ஆண்டில் அந்நாட்டில் உற்பத்தியான 4,192 கார்களில் 1,575 மின்சாரக் கார்கள்; 1,681 நீராவிக் கார்கள்; பெட்ரோல் கார்கள் 936 மட்டுமே. பெட்ரோல் காரை முடுக்க முன்புறத்தில் கைப்பிடியை நுழைத்துச் சுழற்ற வேண்டியிருந்தது. அது திருப்பி அடித்தால் கை முறியும். மின்சாரக் காருக்கு அத்தொல்லை இல்லை, புகையும் இல்லை. ஆனால் 1908-இல் ஃபோர்டின் மலிவான மாடல் டி கார் வந்தது. 1912-இல் கைப்பிடியின்றி முடுக்கும் பொறி காடிலாக் கார்களில் இடம்பெற்றது. இவ்விரண்டும் சேர்ந்து மின்சாரக் காரை ஓரங்கட்டின. இவற்றுக்குச் சமமான மற்றொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். பெட்ரோலை டின்னில் அடைத்து எந்த மூலைமுடுக்கிலும் விற்கலாம். மின்சாரமோ அன்று நகரத்து வசதியுள்ளோர் வீடுகளைத் தாண்டிச் செல்லவில்லை. சொந்த வீடும் சொந்தக் கொட்டகையும் உடையவரே மின்சாரக் காரை வைத்துக்கொள்ள முடிந்தது.

இதற்கு ஒரு மாற்று வழியை அக்காலத்திலேயே ஓர் ஊர் கண்டுபிடித்திருந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில், உள்ளூர் மின்சாரக் கம்பெனி 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு திட்டம் தொடங்கியது. வியாபாரிகள் பாட்டரி இல்லாமலே லாரியை வாங்கலாம். பாட்டரியைக் கம்பெனியே தரும். தீர்ந்துபோனதைக் கொடுத்துவிட்டு நிறைந்ததைப் பெற்றுக்கொண்டு உடனே புறப்படலாம். மாதக் கட்டணமும் ஓடிய மைலுக்குக் கட்டணமும் செலுத்தினால் போதும். 1924 வரை நடந்த இத்திட்டத்தில் வண்டிகள் 60 லட்சம் மைலுக்கு மேல் ஓடின. இன்று நம் நகரங்களில் ஆட்டோக்களுக்குப் பாட்டரி மாற்றித் தரும் நிலையங்களைப் பார்த்து இது மிகப் புதிய யோசனை என்று நாம் மகிழ்கிறோம்; அதற்கு நூறு வயது கடந்துவிட்டது.

அயலிலுள்ள நேபாளத்தில் நடந்ததோ நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். மலைகள் சூழ்ந்த காத்மண்டு பள்ளத்தாக்கில் புகை வெளியேற வழியின்றித் தங்கிவிடும். 1980-களின் இறுதியில் எரிபொருள் வரத்துத் தடைப்பட்டபோது, வெளியிலிருந்து வரும் எண்ணெயை நம்பியிருக்கும் துன்பத்தை அந்நகரம் உணர்ந்தது. 1993-இல், டீசலில் ஓடிய மூன்று சக்கர டெம்போக்களை மின்சாரத்துக்கு மாற்றிப் பார்க்கும் சோதனை தொடங்கியது. ‘சஃபா டெம்போ’ என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. சஃபா என்றால் தூய்மையானது என்று பொருள். டீசல் டெம்போக்களின் கரும்புகையை எதிர்த்துக் குடிமக்களும் சுற்றுச்சூழல் குழுக்களும் இடைவிடாது குரல் கொடுத்தனர். 1999-இல் அரசாங்கம் அந்த டீசல் டெம்போக்களைப் பள்ளத்தாக்கிலிருந்து விலக்கியது. நூற்றுக்கணக்கான சஃபா டெம்போக்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

அங்கே நாம் கவனிக்கத்தக்கவை இரண்டு. நகரின் பல இடங்களில் சிறு சிறு சார்ஜ் நிலையங்கள் ஏற்பட்டன. டெம்போ நிலையத்துக்கு வந்ததும் ஈயப் பாட்டரிகளைக் கழற்றி வேறு பாட்டரிகளை ஏற்றி அனுப்பினார்கள். பெருங்கம்பெனி ஒன்றை நம்பாமல், சிறு உரிமையாளர்கள் பலருடைய கையில் தொழில் பரவியிருந்தது. அடுத்தது, இவ்வண்டிகளை ஓட்ட ஏராளமான பெண்கள் முன்வந்தனர். கணவரை இழந்தோரும் குழந்தைகளைத் தனியே வளர்ப்போரும் அவர்களுள் இருந்தனர். அதே நகரில் 1975-இல் சீன உதவியுடன் தொடங்கிய டிராலி பேருந்து, நிர்வாகம் தளர்ந்து முற்றிலும் நின்றுவிட்டது. சஃபா டெம்போ அதைத் தாண்டியும் வாழ்ந்தது. டில்லியில் வாழும் நேயர்களுக்கு இதன் மற்றொரு வடிவம் கண்முன்னே தெரிந்ததே. 2010-ஐ ஒட்டி அங்கே பரவிய பாட்டரி ரிக்ஷாக்கள், 2014-இல் உயர்நீதிமன்றத் தடைக்கு உள்ளாகி, 2015-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் அங்கீகாரம் பெற்றன. வண்டி முதலில் வந்தது. சட்டம் அதன்பின் ஓடி வந்தது.

இனி ஹைதராபாதுக்கு வருவோம். இந்நகரத்தில் மின்சார டிராம் ஓடியதில்லை. நிஜாம் அரசாங்கம் 1920-இல் ஹுஸேன் சாகர் ஏரிக்கரையில் அனல் மின் நிலையம் ஒன்றை எழுப்பியது. 1932 ஜூனில் நிஜாம் ரயில்வேயின் ஒரு பிரிவாகப் பேருந்துச் சேவை தொடங்கியபோது 27 பேருந்துகளும் 166 ஊழியர்களும் இருந்தனர். இன்றைய தெலங்கானா போக்குவரத்துக் கழகத்தின் மூலம் அதுவே. இங்கு ஓடிய இரட்டை மாடிப் பேருந்துகள் நகர மக்களின் நெஞ்சில் இன்றும் நிற்பவை. 2003-ஐ ஒட்டி அவை ஓய்வு பெற்றன.

2019 மார்ச்சில் போக்குவரத்துக் கழகம் 40 மின்சாரப் பேருந்துகளை ஷம்ஷாபாத் விமான நிலையத் தடங்களில் விட்டது. 2023 பிப்ரவரியில் இரட்டை மாடிப் பேருந்து மின்சார உருவில் இந்நகருக்குத் திரும்பியது. முதலில் வந்தவை மூன்றே. அசோக் லேலண்டின் கிளை நிறுவனம் செய்தவை. எண்ணூரின் பெயரோடு இணைந்த அந்தத் தொழிற்சாலையின் வழித்தோன்றலைச் சார்மினார் ஊரில் கண்டபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. அதே மாதம் 11-ஆம் தேதி ஹுஸேன் சாகரை ஒட்டிய சாலைகளில் மின்சாரக் கார்களின் உலகப் பந்தயம் நடந்தது. பழைய அனல் மின் நிலையம் புகைவிட்டுக்கொண்டிருந்த அதே ஏரியின் சுற்றுப்புறம்! பார்த்தவர்கள் பரவசமடைந்தனர். மறு ஆண்டு பந்தயம் நடக்கவில்லை. பந்தயத்தால் ஒரு தெருவுக்கேனும் சார்ஜ் வசதி வந்ததாக நாம் அறியோம். இதனைக் குறையாகச் சொல்லவில்லை, பந்தயத்தின் வேலை அதுவன்று.

அரசாங்கத்தின் ஊக்கத்துக்குக் குறைவில்லை. 2020 அக்டோபரில் வெளியான தெலங்கானா மின்வாகனக் கொள்கை, குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள வண்டிகளுக்குச் சாலை வரியையும் பதிவுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்தது. 2024 நவம்பரில் அந்த எண்ணிக்கை வரம்பும் நீக்கப்பட்டு, 2026 டிசம்பர் 31 வரை சலுகை என அறிவிக்கப்பட்டது. மத்திய அரசாங்கத்தின் திட்டத்தில் ஹைதராபாதுக்கு 2,000 மின்சாரப் பேருந்துகள் என்று 2025-இல் அறிவிப்பு வந்தது. மின்சாரமே நிலக்கரியிலிருந்துதானே வருகிறது, இதனால் என்ன பயன் என்று வினவுவோர் உண்டு. கேள்வி நியாயமானதே, தெலங்கானாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியின் பயனே. எனினும் அமீர்பேட்டை நாற்சந்தியில் நிற்கும் பள்ளிச் சிறுவனின் மூக்கருகே வரும் புகை குறைகிறதல்லவா? சூரிய ஒளி மின்சாரம் பெருகப் பெருக, அதே வண்டி தானே இன்னும் தூய்மையாகிறது; பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பில்லை.

சலுகை பெற்று வண்டியை வாங்கியாகிவிட்டது. இரவில் அதனை எங்கே நிறுத்தி சார்ஜ் போடுவது? மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் அரசாங்க ஆவணங்களில் ‘மின்னேற்றம்’ என்று எழுதுகிறோம். தெருவில் தமிழரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் ‘சார்ஜிங்’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கின்றனர். இங்கும் அதையே சொல்வோம். ஹைதராபாதின் அடுக்குமாடிகளில் வண்டி நிறுத்துமிடம் பெரும்பாலும் தரைக்குக் கீழே அல்லது தரைமட்டத்தில் இருக்கும். நகர வழக்கில் அதற்குச் ‘செல்லார்’ என்று பெயர். சார்ஜ் போடும் கேள்வி முழுவதும் இந்தச் செல்லாரில்தான் வந்து முடிகிறது.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி இரவு செகந்தராபாதில் நடந்த விபத்தை இங்கே சொல்லாமல் கடக்க முடியாது. மேல் மாடிகளில் தங்கும் விடுதியும் கீழ்ப்பகுதியில் மின் ஸ்கூட்டர் விற்பனை நிலையமும் இருந்த ஒரு கட்டடத்தில், கீழே தீப்பற்றியது. பாட்டரிகள் எரிந்து எழுந்த கரும்புகை படிக்கட்டின் வழியே மேலேறியது. விடுதியில் தங்கியிருந்தவர்களில் 8 பேர் உயிரிழந்தனர். வேலை நிமித்தமும் வேறு காரியமாகவும் வெளியூர்களிலிருந்து வந்து ஓர் இரவு படுத்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டில் நாட்டின் வேறு சில இடங்களிலும் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றின. மத்திய அரசாங்கம் பாட்டரிகளின் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அந்த விபத்துக்குப்பின் பல குடியிருப்புகளில் அச்சம் குடிகொண்டது. நாங்கள் வாழும் கட்டடத்திலும் ‘செல்லாரில் சார்ஜிங் கூடாது’ என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. மின் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் அப்போது இருவரே. ஒருவர் சொந்த ஃபிளாட் உடையவர். மற்றவர் மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு வீடு வீடாக உணவு கொண்டுசெல்லும் இளைஞர். தாள் ஒட்டிய மறுநாள் முதலே அந்த இளைஞர் மூன்றாம் மாடியின் ஜன்னலிலிருந்து ஒரு நீண்ட ஒயரைத் தொங்கவிட்டு, சுவரோரம் வண்டியை நிறுத்தி சார்ஜ் போடத் தொடங்கினார். செல்லாரில் போடுவதைவிட இது பன்மடங்கு அபாயமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. தடை விதித்தவர்கள் நல்லெண்ணத்துடன்தான் விதித்தார்கள். ஆனால் பிழைப்புக்காக வண்டி ஓட்டுபவன் வண்டியை நிறுத்திவிட மாட்டான். கண்ணுக்கு மறைவான இடத்தைத்தான் தேடுவான்.

சங்கக் கூட்டத்தில் இது விவாதத்துக்கு வந்தது. ஓய்வுபெற்ற எஞ்சினியரான ஒரு தமிழ்ப் பெரியவர், சங்கக் காரியதரிசியை நோக்கி, “ரெட்டி காரு, அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் காட்டாமல் கூடாது என்று மட்டும் சொன்னால் எப்படி? இடம் நாம் காட்டினால் விதியும் நாம் சொல்லலாம்” என்றார். “இடம் காட்டலாம் மாமா. கரண்டு பில் யார் கட்டுவது? வண்டியே இல்லாதவர்கள் என்னைக் கேட்க மாட்டார்களா?” என்றார் காரியதரிசி. (தெலுங்குக் குடும்பங்களின் குழந்தைகள் தொடங்கி எல்லோருமே அப்பெரியவரை மாமா என்றே அழைப்பது எங்கள் கட்டடத்து வழக்கம்.) இரண்டு கேள்விகளுமே சரியானவை. அவற்றுக்கு விடை கண்ட வகையைச் சற்று விரிவாகச் சொல்வது பிறருக்குப் பயன்படலாம்.

முதலில் இடம். செல்லாரைக் கைவிட்டு, வாயில் கேட்டுக்கு அருகே, சுற்றுச்சுவரை ஒட்டி, மேலே தகரக் கூரை மட்டும் உடைய திறந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. படிக்கட்டுக்கும் லிஃப்டுக்கும் காஸ் சிலிண்டர்களுக்கும் அது தொலைவில் உள்ளது. புகை எழுந்தாலும் வீடுகளுக்குள் புகாது. இரவுக் காவலாளியின் கண்ணெதிரே இருக்கிறது. மற்றொரு நன்மையும் உண்டு. 2020 அக்டோபரில் இந்நகரைப் பெருமழை தாக்கியபோது எத்தனையோ செல்லார்களில் இடுப்பளவு நீர் நின்றதை இங்குள்ளோர் மறக்கவில்லை. சென்னை டிராமின் பள்ளத்துக்கு நேர்ந்தது ஹைதராபாதின் செல்லாருக்கும் நேரும். ஆகவே பிளக் பலகை தரையிலிருந்து நெஞ்சளவு உயரத்தில் அமைக்கப்பட்டது.

அடுத்தது கம்பி. மின் ஸ்கூட்டரின் சார்ஜர் பெரும்பசியுடையதன்று. சாதாரணமாக 3 யூனிட் அளவுள்ள பாட்டரியை வீட்டுப் பிளக்கில் நாலைந்து மணி நேரத்தில் நிரப்பிவிடும். அது இழுக்கும் மின்சாரம் துணி தேய்க்கும் பெட்டி இழுப்பதைவிட மிகுதியன்று, வெந்நீர் கீஸரைவிடக் குறைவு. அந்த 3 யூனிட்டின் விலை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆனால் தேய்ப்புப் பெட்டி பத்து நிமிடம் ஓடும், சார்ஜரோ இரவெல்லாம் ஓடும். மெல்லிய ஒயரும் தளர்ந்த பிளக்கும் சூடேறுவது இதனால்தான். தகுந்த பருமனுள்ள கம்பி, முறையான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பிரேக்கர் ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். கார்களுக்கு இதைவிடப் பல மடங்கு மின்சாரம் தேவை; பத்துப் பேர் ஒரே நேரத்தில் கார் சார்ஜ் போட்டால் கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதாது. அதற்கு மின் விநியோக நிறுவனத்திடம் சுமையை உயர்த்தி வாங்கவேண்டும், அல்லது முறைவைத்து சார்ஜ் போடவேண்டும்.

பில்லுக்குத் தனி மீட்டர் விடையாயிற்று. பொதுவிளக்கு மீட்டரோடு கலக்காமல் சார்ஜ் பலகைக்குத் தனி மீட்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் சிறு உள்மீட்டர். காவலாளியின் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம். எழுதிவைத்த யூனிட்டுக்கு அவரவர் பணம் தருகின்றனர். பலகை அமைத்த செலவை உபயோகிப்போர் ஒரு பங்கும் சங்கம் ஒரு பங்கும் ஏற்றனர். நனைந்த பாட்டரி, அடிபட்ட பாட்டரி, தயாரிப்பாளர் தராத சார்ஜர் ஆகியவற்றுக்கு அனுமதியில்லை. தீப்பற்றினால் அணைக்க முயலாமல் விலகி நின்று 101-ஐ அழைக்கவேண்டும். லித்தியம் பாட்டரி அணைந்தது போலத் தோன்றி மீண்டும் பற்றும் தன்மையது, அதன் புகையும் நச்சு. இவ்விதிகளைத் தெலுங்கு, இந்தி, உருது, தமிழ் ஆகிய மொழிகளில் எழுதித் தரும் பணி நம் பங்காக வந்தது. இருபது ஆண்டு அலுவலக மொழிபெயர்ப்பில், எழுதியதை மறுநாளே மக்கள் நின்று படித்துப் பார்த்தது இதுவொன்றே எனலாம்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது என்பதைப் பலர் அறியார். மின்வாகனத்துக்கு சார்ஜ் போட்டுத் தருவது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018-இல் தெளிவுபடுத்தியது. 2019-இல் வெளியான மாதிரிக் கட்டட விதிகள், புதிய கட்டடங்களின் வண்டி நிறுத்துமிடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு சார்ஜ் வசதி வேண்டும் என்றன. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, குடியிருப்போர் மின்வாகனத்துக்கென்றே தனி மின் இணைப்பு கேட்டுப் பெறலாம். ஆனால் விதியில் இருப்பது செல்லாரில் நடக்கவேண்டுமானால், சங்கத்தின் தீர்மானமும் அண்டை வீட்டாரின் இசைவும் வேண்டியிருக்கின்றன. வாடகைக்கு இருப்பவர்க்கு வீட்டுக்காரரின் கடிதமும் வேண்டும். வெளியூரில் வாழும் தமிழர் பலர் பத்து ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் இருந்தும் சங்கக் கூட்டத்துக்குச் செல்வதில்லை. “நாம் வாடகைக்காரர், நமக்கென்ன” என்று இருந்துவிடுகின்றனர். பராமரிப்புக் கட்டணம் தரும் எவர்க்கும் கூட்டத்தில் கேட்கும் வாய் உண்டு.

அடுக்குமாடியில் வாழ்வோர்க்காவது செல்லார் உண்டு. பஸ்திகளில் ஒற்றை அறையில் வாழும் ஆட்டோ ஓட்டுநர்க்கு அதுவும் இல்லை. நகரில் நாள் முழுதும் ஓடும் ஆட்டோ, வாரத்துக்கு இரண்டு நாள் வெளியே எடுக்கும் காரைவிட எவ்வளவோ அதிகமாகப் புகைவிடும். ஆகவே ஒரு தெரு முதலில் உதவவேண்டியது ஆட்டோவுக்குத்தான் என்பது நம் கருத்து. இந்நகரிலுள்ள மோவோ என்னும் சமூக அமைப்பு, பெண்களுக்கு இருசக்கர வண்டியும் மின் ஆட்டோவும் ஓட்டப் பயிற்சி தந்து வருகிறது. காத்மண்டுவில் நிகழ்ந்ததன் எதிரொலி போன்றது இது. பயிற்சி பெற்ற பெண் ஒருத்திக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்கிறது. கடனுக்கு வண்டியும் கிடைக்கலாம். இரவில் வண்டியை அச்சமின்றி விட்டுச்செல்ல ஓரிடமும் பிளக்கும் கிடைப்பதுதான் அரிது. பாட்டரி மாற்றும் நிலையம் அருகே இருந்தால் இத்தொல்லை குறையும். ஹார்ட்ஃபோர்டு வியாபாரிகள் செய்ததுபோல பாட்டரியின் முழு விலையையும் முதலிலேயே கொடுக்க வேண்டியதுமில்லை.

செகந்தராபாதில் தமிழர் குடியேற்றம் பழமையானது. 1806-இல் இங்கே ராணுவக் குடியிருப்பு அமைந்தபின், சென்னைப் படைகளோடும் வாணிகத்தோடும் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களுள் சோமசுந்தரம் முதலியார் 1862-இல் தொடங்கிய பள்ளியே மஹபூப் காலேஜ். 1893-இல் விவேகானந்தர் சொற்பொழிவாற்றிய இடம் அது. பத்மாராவ் நகர் என்னும் குடியிருப்பும் ஒரு முதலியாரின் பெயரால் விளங்குகிறது. அவர்கள் தம் பிள்ளைகளுக்கு மட்டுமென்று பள்ளி வைக்கவில்லை. ஊரார் பிள்ளைகள் எல்லோரும் படித்தனர். இன்று இரட்டை நகரங்களில் தமிழ் அமைப்புகளும் சபைகளும் கோயில் நிர்வாகங்களும் மதில் சூழ்ந்த முற்றங்களை உடையனவாய் இருக்கின்றன. பம்பாய், டில்லி, பெங்களூர், கல்கத்தா நகரங்களிலும் அவ்வாறே. விழா நாட்களன்றி மற்ற இரவுகளில் அம்முற்றங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. காவலாளி இருக்கிறார், விளக்கு எரிகிறது, கேட் பூட்டப்படுகிறது. நான்கு பிளக் கொண்ட ஒரு பலகையும் ஒரு தனி மீட்டரும் அமைத்தால், அக்கம்பக்கத்து ஆட்டோக்கள் நான்கு அங்கே இரவைக் கழிக்கலாம். இதற்கு நிர்வாகக் குழுவின் தீர்மானமும், இடத்தின் உரிமைப் பத்திர நகலும், தேவைப்படும் மின்சுமையைக் குறித்த விண்ணப்பமும் மின் விநியோக நிறுவனத்தின் வட்டார அலுவலகத்துக்குச் செல்லவேண்டும். விண்ணப்பத்தில் ‘மின்வாகன சார்ஜிங்’ என்று தெளிவாகக் குறிப்பிடுவது அவசியம். வெறுமனே கூடுதல் இணைப்பு என்று எழுதினால் அது வணிக இணைப்பாகக் கணக்கிடப்பட்டு, கட்டணம் உயர்ந்துவிடக் கூடும்.